நளதம் பூசிய கால்கள்

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இப்போது இறந்தவர்களைச் சாம்பல் நிற ஜிப் பையில் வைத்து மூடிவிடுகிறார்கள். ஒரே இழுப்பு, வேலை முடிந்தது. என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்த ஜூனியர் பிள்ளைகள் அந்தப் பையை போனில் படமெடுத்து வந்து காட்டினார்கள். ஏதோ புதுச் சேலையைக் காட்டுவதுபோல அத்தனை ஆசையாகக் காட்டினார்கள்.

"சிஸ்டர், உங்க காலத்துல நீங்களே குளிப்பாட்டி, துணி மாத்தி அனுப்புவீங்களாமே. பயமா இருக்காதா? பேய் கீய் எதுவும் பாத்திருக்கீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பேயைப் பாக்க எனக்கு எங்கடி நேரம்? மூணு ஷிப்டுக்கும் ஆள் பத்தாது. பேயே வந்திருந்தாலும் பெட்பான் எடுக்கச் சொல்லியிருப்பேன்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் பேச்சு அத்தோடு நிற்கவில்லை. பேய் இல்லை, ஒரு வாசனை உண்டு என்று வாயைக் கொடுத்துவிட்டேன். அதை எழுதித் தாருங்கள் என்று பிடித்துக்கொண்டார்கள். சரி, எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதத்தான் எனக்குத் தெரியும்.

என் பெயர் பாண்டியம்மாள். அலங்காநல்லூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். பெண் பிள்ளை நர்ஸ் வேலைக்குப் போவதா என்று அப்பா குதித்தார். சொந்தக்காரர் ஒருவர் பாம்பு கடித்து நான் படித்த ஆஸ்பத்திரியிலேயே பிழைத்துப் போன பிறகு குதிப்பதை நிறுத்தினார். படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. படுக்கை விரித்தோம், திட்டு வாங்கினோம், மறுபடி விரித்தோம். பிறகு பசுமலைப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவள் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். கோயிலுக்குப் போகிறவள் மிஷனில் இருக்கிறாளே என்று அங்கே யாரும் என்னை வேறாகப் பார்த்ததில்லை. நான்தான் கிறிஸ்துமஸ் கேக்கை இரண்டு துண்டு கூடுதலாக எடுத்துக்கொள்வேன்.

எங்கள் மேட்ரன் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. குள்ளமான ஆள். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை. குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. தப்புச் செய்தால் திட்டமாட்டார். பக்கத்தில் வந்து நின்று நம் கையையே பார்ப்பார். அந்தப் பார்வைக்கு, நாலு அறை விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும்.

இறந்தவரைத் தயார்செய்யும் வேலையை அவர் யாரிடமும் முழுதாக விட்டதில்லை. அதற்கு ஒரு வரிசை வைத்திருந்தார். முதலில் ஊசி, குழாய் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். உடம்பு விறைப்பதற்குள் கைகால்களை நேராக்க வேண்டும். ஈரப் பஞ்சால் இமையை மூடி, ஒட்டும்வரை விரலை வைத்திருக்க வேண்டும். பிறகு முகம், கை, மார்பு, கால் என்று துடைத்துக்கொண்டு போக வேண்டும். துடைக்காத இடத்தைத் துணியால் மூடியே வைத்திருக்க வேண்டும். உயிரோடு இருக்கும்போது எதை மறைத்தாரோ அதை இப்போதும் மறைக்க வேண்டும் என்பார்.

இதில் ஒரு விஷயம்தான் புதுப் பிள்ளைகளை நடுங்க வைக்கும். மேட்ரன் அம்மா இறந்தவரோடு பேசிக்கொண்டே வேலை செய்வார். "சுந்தரம் ஐயா, இப்ப வலது கையைத் தூக்கப் போறேன். தண்ணி கொஞ்சம் சில்லுனு இருக்கும்." முதுகைத் துடைக்க ஒருக்களித்துப் புரட்டும்போது நெஞ்சில் தங்கியிருந்த காற்று வெளியே வரும். சாதாரணப் பெருமூச்சுச் சத்தம்தான். என்னோடு சேர்ந்த ஒருத்தி அந்தச் சத்தத்துக்கு வாளியைப் போட்டுவிட்டு ஓடியவள் மறுநாள் காய்ச்சலில் படுத்தாள். மேட்ரன் அம்மா மட்டும், "விட்டுக்குங்க ஐயா, நல்லா விட்டுக்குங்க" என்று முதுகைத் தட்டிக்கொடுப்பார்.

ஏன் அம்மா பேசுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "காதுதான் கடைசியாப் போகுதுங்கிறாங்க. எப்பப் போகுதுன்னு எவனும் பாத்ததில்ல. எதுக்கு வம்பு? பேசிட்டாப் போச்சு" என்றார்.

நான் கேஷுவாலிட்டியில் பகல் டியூட்டியில் இருந்த ஒருநாள், வெயில் ஏறிய நேரத்தில் ஆம்புலன்ஸ் ஒன்று வந்தது. கதவைத் திறந்ததும் முதலில் இறங்கியது வாசனை. எனக்கு அது சட்டென்று பிடிபடவில்லை. நாட்டு மருந்துக் கடைக்குள் நுழைந்ததுபோல இருந்தது. நனைந்த மண்ணும் வேரும் கலந்து, அதற்குள் லேசாக ஆட்டுக்கிடை வாடையும் சேர்ந்து வந்தது. கெட்ட வாசனை என்று சொல்ல முடியாது. ஆனால் இன்னொரு மூச்சு இழுக்க யோசிக்க வைத்தது.

ஸ்ட்ரெச்சரில் இருந்தவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். புது வேட்டி, புதுச் சட்டை. தாடையைச் சுற்றித் தலைக்குமேல் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. கால் கட்டைவிரல் இரண்டும் சேர்த்துக் கட்டியிருந்தன. நெற்றியும் நெஞ்சும் பாதமும் எண்ணெயில் மின்னின.

"இறந்தவரை எதுக்கு இங்க கொண்டாந்தீங்க?" என்று கேட்டேன்.

கூட வந்த அம்மா என் கையைப் பிடித்தார். அவர் கையும் எண்ணெய். "சாகலம்மா. கால இழுத்தாக. நான் பூசும்போது வெடுக்குனு இழுத்தாக. அவுகளுக்கு எப்பவும் உள்ளங்காலு கூசும். யாரும் நம்ப மாட்டேங்குறாக" என்றார். பின்னால் நின்ற மகன், "அம்மா அழுது அழுது ஒரு மாதிரி ஆயிட்டாங்க சிஸ்டர். அவங்க திருப்திக்காக..." என்று இழுத்தான்.

கழுத்தில் விரலை வைத்தேன். எண்ணெயில் விரல் நழுவியது. மறுபடி அழுத்தி வைத்தேன். உடம்பு சில்லிட்டுக் கிடந்தது. கையை எடுத்துவிடலாம் என்று நினைத்த நேரத்தில் விரலுக்கு அடியில் ஒரு துடிப்பு. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொன்று.

அவர் சர்க்கரை நோய்க்காரர். முந்தின நாள் வயிறு சரியில்லை என்று சாப்பிடாமல், மாத்திரையை மட்டும் போட்டுவிட்டுப் படுத்திருக்கிறார். காலையில் அசைவில்லை. ஊரில் ஊசி போடுகிற ஒருவர் வந்து கையைப் பிடித்துப் பார்த்து, முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார். எங்கள் மெஷினில் சர்க்கரை அளவு எண்ணாகவே வரவில்லை, 'லோ' என்றுதான் காட்டியது. நரம்பு கிடைக்க நானும் சின்ன டாக்டரம்மாவும் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். குளுக்கோஸ் உள்ளே போய்க்கொண்டிருக்கும்போதே அவர் கண்ணைத் திறந்தார். இது எங்கள் தொழிலில் பலமுறை பார்த்த அதிசயம்தான். சர்க்கரை குறைந்து விழுந்தவர்கள் தூங்கி எழுந்ததுபோல எழுந்து உட்கார்ந்து, "நான் எங்க இருக்கேன்?" என்பார்கள்.

இவர் கேட்கவில்லை. கண்ணை மட்டும் திருப்பி எங்களைப் பார்த்தார். நான் தாடைக் கட்டை அவிழ்த்தேன். கால் கட்டை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தேன். கட்டைவிரல் கட்டை உயிருள்ளவர் காலில் வெட்டியது என் வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான்.

"அத ஏம்மா அவுக்குறீங்க?" என்றார் அவர். அதுதான் முதல் பேச்சு. "திரும்பக் கட்டணும்ல."

அவர் பெயர் தவமணி. மனைவி பெயர் பாக்கியம். திருப்பரங்குன்றத்துக்கு மேற்கே, தோட்டமும் நாலு மாடும் வைத்துப் பிழைக்கும் கிறிஸ்தவக் குடும்பம். அவரை வார்டில் சேர்த்தோம். அதன் பிறகுதான் எங்களுக்குத் தலைவலி ஆரம்பித்தது.

முதலாவது, மானிட்டர். மார்பில் ஒட்டும் வயர்கள் எண்ணெயில் நிற்காமல் வழுக்கிக் கழன்றுகொண்டே இருந்தன. கழன்ற உடனே திரையில் கோடு நேராக ஓடும், மெஷின் கத்தும். நான் அடித்துப் பிடித்து ஓடினால், தவமணி கண்ணைத் திறந்து திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். "நான் போயாச்சுன்னு சொன்னேன்ல சிஸ்டர். அதுக்குத் தெரியுது" என்பார். ஸ்பிரிட் போட்டுத் துடைத்து ஒட்டிவிட்டு வருவேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி கத்தும்.

இரண்டாவது, அந்த வாசனை. விரிப்பை மாற்றினோம், மெத்தையையே மாற்றினோம். ஜன்னலை எல்லாம் திறந்து வைத்தோம். வாசனை அப்படியே இருந்தது. பக்கத்துக் கட்டில்காரர் வேறு இடம் கேட்டுப் போய்விட்டார். அதற்கடுத்த கட்டில்காரர் தலைமாட்டைக் கால்மாட்டுக்கு மாற்றிப் படுத்துக்கொண்டார். வீட்டுக்குப் போனால் என் வீட்டுக்காரர், "என்ன, கீழமாசி வீதிக்குப் போயிட்டு வாரியா? சடாமாஞ்சில் வாசம் அடிக்குது" என்றார். அவர் பஸ் கண்டக்டர். மதுரையில் எந்தத் தெருவில் என்ன மணக்கும் என்பது அவருக்கு அத்துபடி.

சின்ன டாக்டரம்மா போனில் தேடிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். "அது இமயமலையில விளையிற செடியோட வேர் சிஸ்டர். தவமணி வீட்டுக்காரங்க நளதம்னு சொல்றதும், நாட்டு மருந்துக் கடையில சடாமாஞ்சில்னு விக்கிறதும் ஒண்ணுதான். எகிப்து, ரோமாபுரின்னு பழைய காலத்துல ராஜாவுக்கும் பிணத்துக்கும் பூசியிருக்காங்க. தூக்கம் வரவைக்குமாம்."

"நமக்கு இப்ப தூக்கத்தைக் கெடுக்குது" என்றேன்.

மூன்றாவதுதான் பெரிய கஷ்டம். தவமணி சாப்பிட மறுத்தார். தண்ணீர்கூட வேண்டாம் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் இரண்டாவது தடவை பாயசம் வேண்டாம் என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். "பூசியாச்சு சிஸ்டர். பூசின வாய்க்கு எதுக்குச் சோறு?" மூக்கில் குழாய் போட்டோம், உருவி எறிந்தார். அந்த மாத்திரையின் வேகம் அவர் உடம்பில் இன்னும் இருந்தது, சிறுநீரகமும் பழுது. குளுக்கோஸை நிறுத்தினால் சர்க்கரை இறங்கிவிடும், ஏற்றிக்கொண்டே போனால் கால் வீங்கிவிடும். மனநல டாக்டர் வந்து பார்த்து மாத்திரை எழுதினார். அது வேலை செய்ய நாளாகும் என்றும் சொன்னார். நாள்தான் எங்களிடம் இல்லை. வாய்வழியாகச் சாப்பிடாவிட்டால் பிழைக்க மாட்டார் என்று டாக்டரம்மா மகனிடம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

அவரைச் சாப்பிட வைக்கச் சொந்தங்கள் உதவுவார்கள் என்று நினைத்தோம். வந்தார்கள், கூட்டமாகவே வந்தார்கள். ஆனால் கட்டிலின் கால்மாட்டில் வரிசையாக நின்றார்களே தவிர, ஒருவரும் அவரோடு பேசவில்லை. அப்பா, மாமா, அண்ணே என்று யாரும் கூப்பிடவில்லை. மகனே, "அவரு தூங்கினாரா சிஸ்டர்?" என்று என்னிடம்தான் கேட்டான். அவர் கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் அதற்குள் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் கட்டிவிட்டார்களாம். அதைப் பார்த்த தூரத்து உறவு ஒருவர், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று வீட்டில் கேட்டுக்கொண்டு ரோஜா மாலையோடு நேரே வார்டுக்கே வந்துவிட்டார். வந்தவருக்கு மாலையை என்ன செய்வதென்று தெரியவில்லை. திகைத்து நின்றவர் அதைக் கட்டில் கம்பியில் மாட்டினார். தவமணி அந்த மாலையைப் பார்த்துத் தலையசைத்தார். நான் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த மனிதரை வராந்தாவரை விரட்டிக்கொண்டு போனேன். எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது.

வராந்தாவில் தூணோரம் பாக்கியம் உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சள் பை. வந்ததிலிருந்து அவர் வார்டுக்குள் வரவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"நீங்களாவது உள்ள போய் ஒரு வாய் ஊட்டக் கூடாதா? நீங்க கத்தினதாலதான் அவரு பிழைச்சாரு" என்றேன்.

"நான் தொடக் கூடாதும்மா. பூசின கையி."

அவர் சொல்லித்தான் விஷயம் புரிந்தது. அவர்கள் வகையறாவில் மட்டும் ஒரு வழக்கம். அந்தக் காலத்தில் யாரோ ஒரு பாட்டனார், ஆண்டவர் பாதத்தில் ஒரு பெண் நளத தைலம் ஊற்றிய கதையைப் பிரசங்கத்தில் கேட்டுவிட்டு வந்து, நம் வீட்டிலும் அடக்கத்துக்கு முன் அப்படித்தான் பூச வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாராம். பாஸ்டர்மார் எத்தனையோ பேர் கண்டித்தும் விடவில்லை. கல்யாணமாகி வந்த வருஷமே மருமகள் அந்தத் தைலத்தைக் காய்ச்சிவிட வேண்டும். மாசி வீதியில் வேர் வாங்கி, ஊறவைத்து, இடித்து, நல்லெண்ணெயில் சிறு தீயில் வைத்து, அடிவண்டல் மெழுகுபோல உருளும்வரை காய்ச்ச வேண்டும்.

"அந்த வேரு பாக்க மனுச முடி மாதிரியே இருக்கும்மா. இடிக்கும்போது உலக்கையில சுத்திக்கும். பத்தொன்பது வயசுல காச்சுனேன். கண்ணாடிப் பாட்டில்ல ஊத்தி, மெழுகு வச்சு அடச்சு பீரோவுல வச்சுட்டேன். அவுக சட்டை எடுக்குற பீரோதான். தினமும் அவுக கண்ணுல படும். சில நாளு பாட்டிலத் தூக்கி வெளிச்சத்துல பாத்து, 'எனக்கு இம்புட்டுப் போதுமாடி?'ன்னு கேலி பண்ணுவாக."

"அப்ப உங்களுக்கு?"

"பொம்பளைக்குப் பூசுறதில்லம்மா."

பூசியது பூசியதுதான். அதற்குப் பிறகு அவரை உறவு சொல்லிக் கூப்பிடக் கூடாது. அவரோடு ஒரு பருக்கை சாப்பிடக் கூடாது. மனைவி தொடவே கூடாது. பூசின பிறகு எழுந்தவர் யாருமில்லாததால், எழுந்தால் என்ன செய்வது என்று அந்தப் பாட்டனார் சொல்லிவிட்டுப் போகவில்லை. சொந்தக்காரர்கள் ஒன்றை மட்டும் முடிவு செய்திருந்தார்கள். பாக்கியம் அவசரப்பட்டுவிட்டாள் என்பதுதான் அது. "எல்லாரும் என்னையச் சொல்றாக. அவசரக்காரி, எப்ப எப்பன்னு இருந்திருக்கான்னு என் நாத்தனாரே என் காதுபடச் சொல்லுது. அவுகளும் அப்படித்தான் நெனைக்கிறாகளாம்மா?" என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நான் உள்ளே போய்த் தவமணியிடம் அதைக் கேட்டேன். அவர் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தபடி பேசினார். "காலைலருந்து எனக்கு எல்லாம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு சிஸ்டர். அந்த ஊசிக்காரன் கையப் பிடிச்சுப் பாத்து முடிஞ்சுதுன்னது, பய ஃப்ரீசர் பாக்ஸுக்குப் போன் பண்ணது, என் தங்கச்சி அழுதது. பாக்கியம் கையி நெத்தியில சில்லுனு பட்டதும் தெரிஞ்சுது. பத்தொன்பது வயசுல காச்சுன எண்ணெய ஒருத்தி தொறந்துட்டான்னா அப்புறம் என்ன இருக்கு? எல்லாரும் அழுது முடிச்சுட்டாக. முடிச்சத எப்படித் திரும்பத் தொடங்குறது?"

"கால இழுத்தீங்களாமே?"

"காலு இழுத்துச்சு. நான் இழுக்கல."

மேட்ரன் அம்மாவிடம் போய் நின்றேன்.

மேட்ரன் அம்மா அவரோடு வாதாடவில்லை. ஸ்கிரீனை இழுத்து மறைத்தார். வெந்நீர், சோப்பு, துணி, சீயக்காய் எல்லாம் கொண்டுவரச் சொன்னார். கட்டில் ஓரம் நின்று, "தவமணி ஐயா, நீங்க சொல்றத நான் ஒத்துக்கிறேன். போயிட்டீங்க. போனவங்களக் குளிப்பாட்டாம நான் அனுப்புறதில்ல. முகத்தைத் துடைக்கப் போறேன்" என்றார்.

தவமணி முகத்தைக் காட்டினார். குழாயை உருவி எறிந்த மனிதர், கையைத் தூக்கப் போகிறேன் என்றால் கையைக் கொடுத்தார். நான் துணியை நனைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதே வரிசை, அதே வார்த்தைகள். எத்தனையோ பேருக்குச் செய்ததுதான். ஆனால் இந்த முறை கண் திறந்திருந்தது, நாங்கள் செய்வதை எல்லாம் கவனித்துக்கொண்டிருந்தது. முதுகு துடைக்க ஒருக்களித்தபோது பெருமூச்சு வந்தது. வாளியைப் போட்டுவிட்டு ஓடியவளின் நினைப்பு வந்து, நானும் ஓடிவிடலாமா என்று பார்த்தேன். உள்ளங்காலைத் துடைக்கும்போது கால் வெடுக்கென்று உதறியது. மேட்ரன் அம்மா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

எண்ணெய் போனது, மானிட்டர் வயர் ஒட்டியது, வாசனை மட்டும் போகவில்லை. "இப்பக் கொஞ்சம் கஞ்சி குடிக்கலாமா?" என்றார் மேட்ரன் அம்மா.

"போனவங்களுக்குக் கஞ்சி குடுக்குறது உங்க வழக்கமாம்மா?" என்று கேட்டார் தவமணி.

மேட்ரன் அம்மா துணியைப் பிழிந்து வாளியில் போட்டார். வெளியே வந்து வராந்தாவில் பாக்கியத்தின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். கஞ்சி போட்ட சேலை கசங்கியது. "நான் பேசினா கேக்குறாரும்மா. ஆனா நான் சாப்பிடச் சொல்ல முடியல. அந்தப் பக்கமிருந்து ஒருத்தர் கூப்பிட்டாத்தான் வருவாரு போலருக்கு" என்றார். பாக்கியம் மடியிலிருந்த மஞ்சள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் மதியம் சாப்பாட்டு வண்டி வார்டுக்குள் வந்த நேரம். பாக்கியம் வண்டிக்குப் பின்னாலேயே உள்ளே வந்தார். கால்மாட்டில் நின்ற சொந்தங்கள் விலகினார்கள். நாத்தனார், "அண்ணி, இங்க வரக் கூடாது" என்றார். பாக்கியம் காதில் வாங்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தார். மஞ்சள் பையிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலை எடுத்தார். பாதிக்கு மேல் தைலம் இருந்தது. மிச்சத்தைச் சவப்பெட்டியோடு வைத்துவிடுவது வழக்கமாம். வைக்கப் பெட்டி வராததால் அது பையிலேயே கிடந்திருக்கிறது.

மூடியைத் திறந்தார். வார்டு முழுக்க அந்த வாசனை எழும்பியது. உள்ளங்கையில் ஊற்றித் தன் வலது பாதத்தில் தேய்த்தார், பிறகு இடது பாதம். மறுபடி ஊற்றி நெற்றியில் வைத்தார். மிச்சத்தைத் தலையில் கவிழ்த்தார். எண்ணெய் நரைமுடியில் இறங்கிக் காதோரம் வழிந்து கழுத்துக்குப் போனது. சாப்பாட்டு வண்டிக்காரர் கரண்டியைத் தூக்கியபடியே நின்றார்.

"ஏய்!" என்று தவமணி எழுந்து உட்கார்ந்தார். வந்த நாளிலிருந்து அவர் குரல் உயர்ந்து கேட்டதில்லை. "ஏய் பாக்கியம், கிறுக்கச்சி! என்னடி பண்ணிட்ட?"

"பூசிக்கிட்டேன்."

"பொம்பளைக்கு ஏதுடி இது?"

"காச்சுனவ நான். எனக்கு இல்லையா?" பாக்கியம் எழுந்து கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். எண்ணெய்க் கையால் அவர் கையைப் பிடித்தார். "நான் அவசரப்பட்டு உங்கள அனுப்பிட்டேனாம், எல்லாரும் சொல்றாக. சரி, அனுப்பிட்டேன். இப்ப நானும் வந்துட்டேன். இனிமே நம்மகூட ஒருத்தரும் ஒக்காந்து சாப்பிட மாட்டாக. நீங்க எங்கூடச் சாப்பிடலாம்ல?"

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மகன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் வண்டியிலிருந்து ஒரு தட்டில் சோறும் ரசமும் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். பாக்கியம் பிசைந்து ஒரு வாய் தான் சாப்பிட்டு, அடுத்த வாயை அவரிடம் நீட்டினார். அவர் அந்தக் கையையே பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். மெல்லும்போது கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. "தைலம் கசக்குதுடி" என்றார். "கசக்கட்டும்" என்றார் பாக்கியம்.

அவர் பிழைத்துக்கொண்டார். டிஸ்சார்ஜ் ஆன அன்று இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு வராந்தா வழியாக நடந்தார்கள். வாசனை அவர்களுக்கு முன்னே போனது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள், காரணம் தெரியாமலே, ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்றார்கள்.

கதை அங்கே முடிந்திருந்தால் பிள்ளைகளிடம் நான் பேச்சை எடுத்தே இருக்க மாட்டேன். சில மாதம் கழித்து இருவரும் செக்கப்புக்கு வந்தபோது, ஒருநாள் வீட்டுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். போனேன். மகன் குடும்பம் தெருக்கோடியில் தனியாகப் போயிருந்தது. நல்ல பையன்தான். பால், காய்கறி எல்லாம் கொண்டுவந்து வாசலில் வைத்துவிடுவான். உள்ளே வந்து சாப்பிட மாட்டான், அப்பா என்று கூப்பிட மாட்டான். ஊர்க்காரர்கள் பார்த்தால் தலையசைப்பார்கள், அவ்வளவுதான். வீட்டுக்குள் நுழைந்ததும் அதே வாசனை. இவர்கள் இரண்டு பேருக்கும் அது தெரிவதே இல்லை என்றார்கள்.

"எங்களுக்கு ஒருதரம் அழுதாச்சு சிஸ்டர். மறுபடி அழ யாரும் வர மாட்டாக. நாளைக்கு எங்கள்ல ஒருத்தர் அசையாமக் கெடந்தா, இன்னொருத்தரு கத்துனாலும் ஊரு நம்பாது. நீங்க அப்பப்ப வந்து பாத்துட்டுப் போகணும். நீங்க சொன்னா செல்லும்" என்றார் தவமணி. வருகிறேன் என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும்?

அன்றைக்கே பாக்கியம் எனக்கு இன்னொரு வேலை வைத்தார். நாடி பார்க்கச் சொல்லிக்கொடுங்கள் என்று பிடிவாதம். கட்டைவிரலை வைக்கக் கூடாது, மூன்று விரலைக் கட்டைவிரல் பக்கத்து எலும்போரம் வைக்க வேண்டும், பதறாமல் காத்திருக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அந்த வீட்டில் நாடி பார்க்காமல் யாருக்கும் சோறு போடுவதில்லை. காலையும் மாலையும் தவமணி கையைப் பாக்கியம் பிடித்துப் பார்ப்பார். "இருக்கு" என்ற பிறகுதான் தட்டு வைப்பார்.

ஓய்வு பெற்ற பிறகும் மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போய்வருகிறேன். என் வீட்டுக்காரர் தவறிய பிறகு எனக்கும் வேறு போக்கிடம் குறைவு. போன வாரமும் போயிருந்தேன். தவமணி தட்டின் முன்னால் உட்கார்ந்து கையை நீட்டினார். பார்த்தேன், இருந்தது. பாக்கியத்துக்கும் பார்த்தேன், இருந்தது. மூன்றாவது தட்டை எனக்கு வைக்கப் போன பாக்கியம் நின்றார். தட்டைக் கீழே வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எனக்கு எதுக்கு?" என்று சிரித்தேன்.

"இந்த வீட்டுல எல்லாருக்கும் பாக்கணும்ல."

விரலை வைத்தார். எடுத்துக் கொஞ்சம் தள்ளி வைத்தார். அழுத்தினார், மறுபடி எடுத்தார். வயதான விரல், சட்டென்று பிடிபடாது, அது எனக்குத் தெரியும். சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் விரல் தேடிக்கொண்டே போகப் போக என் சிரிப்பு நின்றுவிட்டது. தவமணி சோற்றில் கை வைக்காமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மாடு மணி ஆட்டுகிற சத்தம் தூரத்தில் கேட்டது. என் நெஞ்சு அடிக்கிறதா என்று நானே காது கொடுத்துக் கேட்டேன்.

"இருக்காடி?" என்றார் அவர்.

"பொறுங்க. தேடுறேன்."

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாக்கியத்தின் முகத்தையே பார்த்தேன். விரல் இன்னொரு தடவை நகர்ந்து நின்றது. பாக்கியம் கண்ணை மூடினார். வெகுநேரம் அப்படியே இருந்தார்.

"இருக்கு" என்றார். எனக்குச் சோறு போட்டார்.